யோபுவின் மனைவியைக் குறித்து



லெந்து காலம் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதியில் நான் எதுவும் எழுதவில்லை. காரணம் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். தை மாதத்தில் என் மனைவியின் கழுத்தில் சுண்டைக்காய் அளவில் தென்பட்ட கட்டி, மாசி முடிவதற்குள் நெல்லிக்காய் அளவாயிற்று. வலி இல்லாததால் நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பயாப்ஸி செய்து பார்த்தபோது லிம்ஃபோமா, அதாவது நிணநீர்க் கணுக்களில் உண்டாகும் புற்றுநோய், என்று அறிக்கை வந்தது. 21 நாட்களுக்கு ஒன்றாக 6 சுற்றுக் கீமோதெரபி கொடுக்க வேண்டும் என்றார்கள். இதை எழுதுகிற இந்தச் சனிக்கிழமை நான்காம் சுற்றின் 17-ஆம் நாள்.

உங்கள் ஜெபங்களுக்கு நன்றி கூறி, எல்லாம் கர்த்தருடைய கிருபையால் நலமாக நடக்கிறது என்று நான்கு வரி எழுதி முடித்திருக்கலாம். அவருடைய கிருபையைக் குறித்து எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த நான்கு வரிகள் நடந்தவற்றில் பாதியை மறைத்துவிடும். ஒரு போதகன் தன் சபைக்கு முன்பாக அவ்விதம் மறைப்பது நல்லதென்று எனக்குத் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். 22 ஆண்டுகளாக நோயாளிகளின் கட்டிலருகே நின்று ஜெபித்தவனாகிய எனக்கு, என் மனைவியின் கட்டிலருகே ஜெபம் வரவில்லை. முதல் சுற்றின்போது மருந்து காலையில் ஏறத் தொடங்கி மாலையில்தான் முடிந்தது. நடுவில் அவளுக்குக் குளிர்நடுக்கம் கண்டது. செவிலியர் ஓடிவந்து மருந்தின் வேகத்தைக் குறைத்தார்கள். நான் வெளியே நடைகூடத்தில் நின்று, சிறுவயதிலிருந்து மனப்பாடமாய் இருக்கிற பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினேன். தேவ சித்தம் செய்யப்படும்படி வேண்டிக்கொள்ளும் இடத்தில் நாவு நின்றுவிட்டது. அவருடைய சித்தம் எதுவாய் இருக்குமோ என்று அஞ்சினேன். அந்த அச்சத்தோடு அந்த வரியைத் தாண்ட என்னால் இயலவில்லை. அன்று அந்த ஜெபம் முடியாமலே நின்றது.

இந்தச் சிகிச்சையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் கால அட்டவணை தெரியும். மருந்து ஏறிய முதல் சில நாட்கள் மாத்திரையின் பலத்தால் நோயாளி எழுந்து நடமாடுவார். பிறகு உடம்பு முழுவதும் அடித்துப் போட்டாற்போல் ஆகிவிடும். ஏழாம் நாளிலிருந்து ஏறத்தாழப் பதினான்காம் நாள் வரையில் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்; அந்நாட்களில் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ஆகவே இரவு முழுவதும் என் புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்ப்பதே என் தொழிலாயிற்று. ஜெபிக்க வராதவனுக்கு அது ஒன்றாவது செய்ய முடிந்தது. ஒருநாள் விடியற்காலையில் அவள் கண் திறவாமலே, "நீங்கள் என் பக்கத்தில் போதகராக உட்கார வேண்டாம், வீட்டுக்காரராக உட்காருங்கள், போதும்" என்றாள். அதற்கு முந்தின மாலையில் நான் அவளுக்கு ஏதோ ஆறுதல் பிரசங்கம் செய்திருக்கிறேன் போலும்.

இனி நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன்.

அன்பின் மிகுதியினால் பலர் எங்கள் குருமனைக்கு வந்தீர்கள். கஞ்சி கொண்டுவந்தவர்கள் உண்டு. இரத்தம் கொடுக்க ஆயத்தமாய் இரண்டு வாலிபரை அழைத்துவந்தவர் உண்டு. அவற்றை மறவோம். ஆனால் சில வார்த்தைகளும் வந்தன. வீட்டில் மறைவான குறை ஏதேனும் உண்டா என்று ஆராயும்படி ஒருவர் கூறினார். மருந்தை நம்புவது விசுவாசத்துக்கு இழுக்கு என்பதை மிகுந்த பணிவோடு தெரிவித்தார் மற்றொருவர். இவற்றைக் கேட்டுக் கடந்துவிட்டேன். கடந்து போக முடியாத வார்த்தை ஒன்று மட்டும் தங்கிவிட்டது. "ஐயா, நீங்கள் சோர்ந்துபோகக் கூடாது, உங்கள் சந்தேகம் அம்மாவின் சுகத்துக்குத் தடையாகிவிடும்."

சொன்னவர் என்மேல் மிகுந்த பட்சமுள்ளவர். ஆயினும் அந்த வார்த்தையின் பொருள் என்னவென்று பாருங்கள். கட்டிலில் கிடப்பவள் பிழைப்பதும் பிழையாமற்போவதும் அருகில் இருப்பவன் மனத்தின் உறுதியைப் பொறுத்தது என்கிறது அது. நடைகூடத்தில் என் நாவு நின்றுபோன அந்த நொடியில் நான் அவளுக்குத் தீங்கு செய்துவிட்டேன் என்று ஆகிறது. மூன்று இரவுகள் அந்த எண்ணத்தோடு கிடந்தேன். நான்காம் இரவில் யோபுவின் மனைவியை நினைத்தேன்.

என் ஊழியத்தில் அவளைப் பழித்துக் குறைந்தது மூன்று பிரசங்கங்களாவது செய்திருப்பேன். நான் மட்டுமல்ல, அகுஸ்தீன் முதலாகத் திருச்சபையின் பெரிய போதகர்களே அவளைப் பிசாசுக்குத் துணைபோனவளாகத்தான் கண்டார்கள். நோயுற்ற கணவனிடம் தேவனைத் தூஷித்து இறந்துபோகச் சொன்னவள் என்று ஒரே வசனத்தைக்கொண்டு அவளுடைய வாழ்வு முழுவதையும் தீர்த்துவிடுகிறோம். அந்த வசனத்துக்கு முந்தின அதிகாரத்தில் இறந்த பத்துப் பிள்ளைகளும் அவள் பெற்ற பிள்ளைகள் என்பதை எத்தனை பேர் நின்று யோசித்தோம்? யோபு இழந்த எல்லாவற்றையும் அவளும் இழந்தாள். அதற்கும் மேலாக, உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கணவன் புண்ணாகிக் கிடப்பதை நாள்தோறும் பார்க்க வேண்டியிருந்தது. செப்துவஜிந்த் எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அவளுடைய பேச்சு நம் வேதாகமத்தில் உள்ளதைவிட மிக நீளமானது. வீணாய்ப் போன தன் பிரசவ வேதனைகளை அவள் அதில் சொல்லுகிறாள். கூலிக்காரியாய் வீடுவீடாய் அலைவதையும், பொழுது எப்போது சாயும், உடம்பைச் சாய்க்கலாம் என்று காத்திருப்பதையும் சொல்லுகிறாள். அந்தப் பகுதியை எழுதிய கை, நோயாளியைப் பராமரிக்கிற ஒருவரின் களைப்பை அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. தன் மூச்சை மனைவியும் சகிக்கவில்லை என்று யோபு 19-ஆம் அதிகாரத்தில் முறையிடுகிறார். இதுவும் அவளுக்கு விரோதமான சாட்சியாகவே எனக்குப் பட்டு வந்தது. இப்போது அதை வேறுவிதமாய் வாசிக்கிறேன். விலகிப் போனவளுக்கு அவருடைய மூச்சின் வாடை எப்படித் தெரியும்? சிநேகிதர் மூவரும் அமர்ந்து வாதாடிக்கொண்டிருந்த காலமெல்லாம், மூச்சுப் படும் தூரத்தில் அவள் இருந்திருக்கிறாள். (எங்கள் வீட்டில் காரியம் நேர்மாறு. மருந்து ஏறிய வாரத்தில் நான் காப்பி குடித்துவிட்டு அருகில் போனால் என் மனைவிக்குக் குமட்டுகிறது. காப்பியை விட்டுவிட்டேன்.)

கடைசி அதிகாரத்தில் தேவனுடைய கோபம் யார்மேல் மூண்டது என்பதையும் கவனியுங்கள். எலிப்பாசின் மேலும் அவனுடைய இரண்டு சிநேகிதர்மேலும் மூண்டது. தேவனைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கண்டிக்கப்பட்டவர்கள், பக்தி நிறைந்த வாசகங்களால் நோயின் காரணத்தை விளக்கிக் காட்டிய அவர்களே. துக்கம் தாளாமல் தகாத வார்த்தையைச் சொன்ன மனைவியை தேவன் ஒரு சொல்லாலும் கடிந்துகொண்டதாக அந்தப் புத்தகத்தில் இல்லை. அந்த மூவரும் ஏழு நாள் தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்த வரையில் அவர்கள் செய்தது சரியாகவே இருந்தது. வாயைத் திறந்தபிறகுதான் தவறியது.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் விசுவாசத்தையும், நோயாளிக்கு அருகிலிருக்கும் கணவனின் அல்லது மனைவியின் விசுவாசத்தையும் அளந்து பார்க்கும் வழக்கத்தை நம் சபை விட்டுவிட வேண்டும். சுகத்துக்காக ஜெபிப்பதை விடச் சொல்லவில்லை. ஜெபியுங்கள், நாங்களும் அதைத்தான் கேட்கிறோம். சுகம் வராவிட்டால் யாருடைய விசுவாசம் குறைந்தது என்று தேடாதிருங்கள்.

பவுல் அப்போஸ்தலனுடைய மேனியில் பட்ட துணிகளாலேயே வியாதியஸ்தர் சுகமடைந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அதே பவுல் தம்முடைய உடன் ஊழியனாகிய துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார். காரணம் எதுவும் கூறவில்லை. பழி எதுவும் சுமத்தவில்லை. 20-ஆம் நூற்றாண்டிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. எழுத்தாளர் சி. எஸ். லூயிஸை உங்களில் பலர் வாசித்திருப்பீர்கள். அவர் மனைவி ஜாய் எலும்புவரை பரவிய புற்றுநோயோடு ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது, 1957 மார்ச்சு மாதத்தில், பீட்டர் பைட் என்னும் குருவானவர் வந்து அவர்மேல் கைவைத்து ஜெபித்தார். அந்தக் கட்டிலருகிலேயே அவர்களுடைய விவாகத்தைத் திருச்சபை முறைப்படி நடத்தியும் வைத்தார். சாகும் தறுவாயில் இருந்தவர் எழுந்து நடந்தார். பிறகு நோய் திரும்பிவந்து 1960 ஜூலையில் அவர் இறந்தார். இதுவரை பலர் அறிந்ததே. பலர் அறியாதது, அந்த பீட்டர் பைட்டின் மனைவியும் பிற்பாடு புற்றுநோயால் இறந்தார் என்பது. ஜெபித்த மனிதர் ஒருவரே. ஒரு வீட்டுக்குச் சில ஆண்டுகள் கூடுதலாய்க் கிடைத்தன. தம் சொந்த வீட்டில் மனைவியை அவர் அடக்கம்பண்ணினார். இதில் அவருடைய விசுவாசத்தின் அளவை எந்த இடத்தில் வைத்துக் குறிப்பது?

மருந்தைக் குறித்தும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எசேக்கியா ராஜாவின் கண்ணீரைக் கண்டு தேவன் அவனுக்கு 15 ஆண்டுகளைக் கூட்டிக் கொடுத்தார். அப்படியிருந்தும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் செய்து பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். என் மனைவிக்கு ஏறுகிற மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். நம் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரத்தில், யாரும் நடாமலும் நீர் ஊற்றாமலும் இளஞ்சிவப்பாய்ப் பூத்து நிற்கிறதே நித்தியகல்யாணி, அந்தச் செடியிலிருந்து எடுக்கப்படுவது அது. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி அதை நாம் வீட்டில் வளர்ப்பதுகூட இல்லை. அதன் இலை நீரிழிவுக்கு உதவுமா என்று 1950-களில் கனடாவில் ஆராய்ந்தவர்கள், இரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைவதைக் கண்டார்கள்; புற்றுநோய்க்கு அதைப் பயன்படுத்தும் வழி அங்கிருந்து திறந்தது. எத்தனையோ அடக்க ஆராதனைகளில் அந்தப் பூக்களை மிதித்துக்கொண்டு நின்று உயிர்த்தெழுதலைப் பிரசங்கித்திருக்கிறேன். அந்தச் செடியை உண்டாக்கியவர் யாரோ அவரிடத்திலேயே நாம் ஜெபிக்கிறோம். ஆகையால் மருந்து வேண்டுமா விசுவாசம் வேண்டுமா என்ற கேள்வி இனி எங்கள் வாசலுக்கு வரவேண்டாம்.

அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். என் மனைவியால் இப்போது ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. ரவிக்கையின் கொக்கியை நான்தான் மாட்டிவிடுகிறேன். வேதாகமத்தின் தாள் மெல்லியது அல்லவா? அதைப் புரட்ட விரல் உணரவேண்டும். ஒன்றைப் புரட்டப் போனால் அவளுக்கு நான்கைந்து சேர்ந்து புரள்கின்றன.

இனி எழுதுவது எனக்குக் கடினமானது.

11 ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு சபையில் ஊழியஞ்செய்தேன். தேரிக்காட்டு ஓரத்தில் உள்ள சிறு சபை. அங்கே ஒரு சகோதரியின் கணவருக்கு வாயில் புற்றுநோய் வந்தது. தையல் தொழில் செய்தவர். ஆலயப் பாடகர் குழுவில் கணீரென்ற குரல். நோய் முற்றியபிறகே அறிந்தார்கள். நான் வார்டுக்குப் போய், சுற்றிலும் உறவினர் நிற்க, அந்தச் சகோதரியைப் பார்த்து, "நீங்கள் சந்தேகப்படாமல் ஜெபித்தால் உங்கள் கணவர் எழுந்திருப்பார்" என்றேன். மனமார நம்பித்தான் சொன்னேன். 40 நாட்களுக்குள் அவர் இறந்துபோனார். அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். சில மாதங்களில் அந்தச் சகோதரி ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு முறை வீட்டுக்குப் போனேன், கதவு திறக்கவில்லை. என் சந்திப்புக் குறிப்பேட்டில் அவர் பெயருக்கு நேரே "விசுவாசத்தில் தளர்ச்சி" என்று எழுதிவைத்தேன். பிறகு எனக்கு இடமாற்றம் வந்தது. அந்தக் குறிப்பேடு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மூன்றாம் சுற்றின் நடுவில், என் மனைவியின் தங்கை வந்து துணையிருந்த நாளில், பேருந்து ஏறி அந்த ஊருக்குப் போனேன். அவர் அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தார். கணவரின் தையல் இயந்திரம் மூலையில் துணி போர்த்தி நின்றது. வந்த காரியத்தைச் சொன்னேன். "அம்மா, அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை தவறு. அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஐயா, நான் ஜெபிக்காமல் இருக்கவில்லை. முழு இரவும் முழங்காலில்தான் நின்றேன். ஆனால் அவர் போவதற்கு முந்தின இரவு ஒரு மணிக்கு மேல் என்னையறியாமல் தூங்கிவிட்டேன். விழித்திருந்து ஜெபித்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று இந்தப் பதினொரு வருஷமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

அந்தக் கணக்கை அவர் கையில் கொடுத்தவன் நான். கெத்செமனேயில் தம்முடைய சீஷர்கள் தூங்கிப்போனதைக் கண்ட ஆண்டவர், ஆவி விரும்பினாலும் மாம்சம் தளர்ந்துபோகும் என்று அவர்களுக்காகத் தாமே காரணம் சொன்னவர். அவருடைய பெயரால் பேசின நானோ, 40 நாள் கண்விழித்த ஒரு பெண்ணின் ஓர் இரவுத் தூக்கத்தைக் கொலைக்குற்றம்போல் அவர்மேல் சுமத்திவிட்டு வந்திருக்கிறேன். இதை அவரிடத்தில் சொன்னேன். எவ்வளவு சொல்ல முடிந்ததென்று தெரியவில்லை, எனக்கும் தொண்டை அடைத்துவிட்டது. புறப்படும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "அம்மாவுக்கு இப்போது என்ன சாப்பிடப் பிடிக்கிறது?"

நம் சபையில் ஒரு காரியத்தை மாற்றலாம் என்று மூப்பர்களிடம் கேட்டிருக்கிறேன். மாதக் கடைசி ஞாயிறு சாட்சி நேரத்தில், சுகம் பெற்றவர்களையே நாம் முன்னுக்கு அழைக்கிறோம். சிகிச்சையின் நடுவில் இருப்பவர்களும், சிகிச்சை பலிக்காமல் கணவனையோ மனைவியையோ இழந்தவர்களும் பின் இருக்கைகளில் அமர்ந்து அதைக் கேட்கிறார்கள். அவர்களும் முன்னே வந்து பேசட்டும். பதில் கிடைத்தது என்று முடிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கக் கூடாது. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதை வேதாகமத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. வெகு காலமாக அந்தச் சங்கீதத்தை நான் ஆராதனையில் வாசிக்கக் கொடுத்ததே இல்லை. சபையார் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று எண்ணினேன். இப்போது, அதை வாசிக்கக் கேளாததனாலேயே எத்தனை பேர் ஆலயத்துக்கு வராமல் நின்றார்களோ என்று எண்ணுகிறேன். மூப்பர்களில் இருவருக்கு இதில் உடன்பாடில்லை. சாட்சி நேரம் புலம்பல் நேரமாகிவிடும் என்கிறார்கள். அவர்களுடைய அச்சமும் நியாயமற்றது அன்று. மாதாந்தரக் கூட்டத்தில் மறுபடியும் பேசுவோம்.

கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனுடைய கதையை மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் மீண்டும் வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் கண்டது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை என்றே எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் அந்த நேரத்தில் என்ன நினைத்தான் என்று மாற்கு சொல்லவில்லை. யாரும் அவனைக் கேட்கவும் இல்லை. என் நாவு நின்றுபோன அந்த நாளில், மருத்துவமனைக்கு 600 கிலோமீட்டர் தெற்கே, நம் ஆலயத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கூடிப் பரமண்டல ஜெபத்தை முழுவதும் சொல்லி முடித்திருக்கிறீர்கள். அதைப் பிறகுதான் அறிந்தேன். நான் நிறுத்திய வரியை நீங்கள் கடந்து போயிருக்கிறீர்கள். அன்றைக்கு எனக்கு இருந்த விசுவாசம் அதுவே.

தேரிக்காட்டுச் சகோதரி, நான் போய்வந்த மறு வாரத்தில் எங்கள் குருமனைக்கு வந்தார். புழுங்கலரிசிக் கஞ்சியும் புதினாத் துவையலும் கொண்டுவந்தார். ஜெபம் செய்யவில்லை, யாரும் அவரைச் செய்யச் சொல்லவும் இல்லை. என் மனைவி வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு தாளைப் பிரிக்க முடியாமல் தடுமாறுவதைக் கண்டு, அருகில் போய் உட்கார்ந்து புரட்டிக் கொடுத்தார். இவள் மெல்ல வாசிக்க வாசிக்க, பக்கம் முடியும்போது அவர் புரட்டினார். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு, தாள் புரளும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் சுற்றுக்கு அவரும் எங்களோடு வருகிறார். புதன்கிழமை இரவு ரயில். ஆகையால் இந்த வாரப் புதன் ஜெபக்கூட்டத்தை உபதேசியார் நடத்துவார். வாசிக்கும் பகுதி சங்கீதம் 88.